திண்ணைப் பள்ளியும் இங்கிலாந்துக் கிராமப் பள்ளியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு தமிழாக இருக்கிறது. எழுத்து தெலுங்காகவும் ஆங்கிலமாகவும் ஆகிவிட்டது. தாத்தா பாட்டிக்கு வரும் கடிதத்தையோ கல்யாணப் பத்திரிகையையோ பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடிவதில்லை. சங்கத்தில் வார வகுப்பு நடத்தலாமே என்று யாராவது சொன்னால், உடனே மூன்று தடைகள் எழுகின்றன. ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் ஒரே வயதினர் அல்லர், புத்தகத்துக்கும் கட்டடத்துக்கும் பணம் இல்லை.

இந்த மூன்று தடைகளும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே நம் முன்னோர் ஊருக்கு ஊர் பள்ளி நடத்தினார்கள். அந்த முறையின் ஒரு பகுதி கடல் கடந்து இங்கிலாந்தின் கிராமங்களுக்குப் போய், அங்கே ஏழைப் பிள்ளைகளின் முதற்கல்வியாக அரை நூற்றாண்டு நடந்தது. அந்த வரலாற்றை வரிசையாகப் பார்ப்போம்.

மன்றோ கேட்ட கணக்கு

திருமலையில் சுவாமிக்கு நைவேத்தியம் செல்லும் 'மன்றோ கங்காளம்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கட்டளையைச் செய்தவர் என்று சொல்லப்படும் சர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அதற்கு முன் 1800 முதல் 1807 வரை கடப்பை, பல்லாரி முதலிய ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களின் தலைமைக் கலெக்டராகப் பணியாற்றினார். ஊர் ஊராகக் கூடாரமடித்து நிலவரி தீர்த்தவர் ஆகையால் கிராமத்தை நன்கு அறிந்தவர்.

1822-இல் அவர் எல்லாக் கலெக்டர்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பினார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதியார், ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன படிக்கிறார்கள், ஆசிரியருக்குச் சம்பளம் எப்படி என்று கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். விடைகள் வந்து சேர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1826 மார்ச் 10-ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பில் மொத்தக் கணக்கு இருக்கிறது.

மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகளும் உயர்கல்விச் சாலைகளும் சேர்ந்து 12,498. படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் ஆண்பிள்ளைகள் 1,84,110. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று ஆகிறது. ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ள ஆண்பிள்ளைகள் சுமார் 7,13,000 என்று மன்றோ மதிப்பிட்டார். அப்படியானால் நால்வரில் ஒருவர் பள்ளியில் இருந்தார். வீட்டிலேயே படித்தவர்களையும் சேர்த்தால் மூவரில் ஒருவர் என்ற அளவை நெருங்கும் என்பது அவர் முடிவு.

அப்போது சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரியும்வரை நிலை அதுவே. ஆகவே வட ஆர்க்காட்டுக் கணக்கு என்பது நம் ஊர்க் கணக்கு. இம்மாவட்டத்தில் தமிழ்ப் பள்ளியும் தெலுங்குப் பள்ளியும் அருகருகே நடந்தன. பாரசீகம் கற்பித்த பள்ளிகளும் இருந்தன. உயர்கல்விச் சாலைகள் மட்டும் 69 என்று கலெக்டர் எழுதி அனுப்பினார். இரண்டு மொழியும் கலந்து வாழ்வது இங்கே நேற்று வந்த வழக்கம் அல்ல.

இந்த எண்களைப் பற்றி வாதமும் நடந்தது. 1931-இல் லண்டனில் காந்தியடிகள், ஆங்கில ஆட்சியில் இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று பேசினார். சர் பிலிப் ஹார்டாக் என்ற கல்வியாளர் அதை மறுத்து ஆதாரம் கேட்டார். பிற்காலத்தில் தரம்பால் என்ற ஆய்வாளர் மன்றோ காலத்து அறிக்கைகளைத் தேடி எடுத்து, 1983-இல் நூலாகவே வெளியிட்டார். அதனால்தான் இன்று நாம் அவற்றைப் படிக்க முடிகிறது.

திண்ணையில் என்ன நடந்தது

எண்ணிக்கையை விட்டுப் பாடமுறைக்கு வருவோம். தமிழில் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றோம். தெலுங்கில் 'வீதி படி' என்பார்கள். 'படி' என்றால் அம்மொழியில் பள்ளிக்கூடம். பெயரே இடத்தைச் சொல்கிறது. தனிக் கட்டடம் கிடையாது. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரநிழல் இவையே போதும்.

இப்பள்ளிகளைப் பற்றி மிக விரிவாக எழுதியவர் பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல். 1823 ஆகஸ்டில் அவர் அனுப்பிய அறிக்கையில் கண்டவை நம் பாட்டனார்கள் சொல்லிக் கேட்டவைதான். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் ஆசிரியரும் மாணவர்களும் வீட்டுக்கு அழைக்கப்படுவார்கள். பிள்ளையாரை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார். மறுநாள் முதல் பள்ளி.

காலை ஆறு மணிக்கே பள்ளி தொடங்கும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி. புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி, பிறகு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். பள்ளிக்கு நேரத்தில் வரச் செய்ய மணியும் பதிவேடும் இல்லாத காலத்தில் கண்ட வழி இது. அடியை நாம் இன்று ஏற்க மாட்டோம். முதலில் வந்தவனுக்குச் செய்த மரியாதையை ஏற்கலாம்.

எழுத்துக் கற்பிக்கும் முறைதான் முக்கியம். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். வாயால் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே கை எழுத வேண்டும். பிழை வந்தால் உள்ளங்கையால் தடவினால் போதும், மறுபடி புதுப்பலகை. கை தேறிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும். ஓலையில் எழுதியது அழியாது. ஆகவே பிழையெல்லாம் மணலிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

படித்தவை அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, நிகண்டு. தெலுங்குப் பள்ளியில் ஓநமாலு, சதகங்கள், அமரகோசம். கணக்கில் நம்மவர் மிகுந்த பயிற்சி கொடுத்தார்கள். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. இருபது மா சேர்ந்தால் ஒன்று. அதாவது முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. மா என்பது 80-இல் நான்கு, காணி 80-இல் ஒன்று, இரண்டும் சேர்ந்து 80-இல் ஐந்து, அதாவது 16-இல் ஒரு பங்கு. இந்தப் பின்னக் கணக்கை எட்டு வயதுப் பையன் காகிதம் இல்லாமல் வாயால் சொன்னான். நிலப்பரப்புக்குக் குழிமாற்று வாய்பாடு தனியே இருந்தது. கணக்குப்பிள்ளை வேலைக்கும், நெல் அளப்பதற்கும், கடைக்கணக்குக்கும் வேண்டிய கல்வி இது.

ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பல வயதினர். இதைச் சமாளிக்கத்தான் சட்டாம்பிள்ளை ஏற்பாடு வந்தது. கேம்ப்பெல் எழுதுகிறபடி, பிள்ளைகள் தேர்ச்சிக்கு ஏற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள். கீழ் வகுப்புகளை ஓரளவு சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்ள, மேல் வகுப்பை ஆசிரியர் நேரில் கவனித்தார். அப்படியே எல்லார்மேலும் ஒரு கண் வைத்திருந்தார். குறைந்த செலவில் எழுத்துக் கற்பிக்கும் இந்த முறையையும், தேறியவன் தேறாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் பாராட்டிய கேம்ப்பெல், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகுதியானதே என்று எழுதினார். அது எப்படிப் போனது என்று பார்ப்போம்.

எழும்பூரிலிருந்து ஸ்வானேஜ் வரை

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753-இல் பிறந்த பாதிரியார். 1787-இல் இந்தியா வந்தார். 1789-இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகளுக்கான இராணுவ அநாதை விடுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். அங்கிருந்த ஆசிரியர்கள் திறமையற்றவர்களாக இருந்தது அவருக்குப் பெரிய கவலை.

ஒருநாள் காலை குதிரைமேல் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைக் கடந்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் அப்பெயரால்தான் குறித்தார்கள். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் விடுதிக்குத் திரும்பி, கீழ் வகுப்புக்கு அப்படியே கற்பிக்கும்படி சொன்னார். ஆசிரியர்கள் அது நடக்காது என்றார்கள். அப்போது அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஒரு சாதாரணப் படைவீரனின் மகன் அவன். பெரியவர்கள் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளுக்கும் மாணவரே ஆசிரியர் ஆனார்கள்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மணல் எழுத்தை நம் பள்ளியில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பது தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கருதினார். ஆனால் அந்த ஏற்பாடு நம் திண்ணைகளில் பழக்கமாக இருந்தது என்பதற்குக் கேம்ப்பெலின் அறிக்கை சாட்சி. அதற்கும் முன்னால், 1623-இல் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, கன்னட நாட்டின் இக்கேரியில் சிறுவர்கள் சேர்ந்து பாடிக்கொண்டே மணலில் எண் எழுதிப் படித்ததைக் கண்டு எழுதியிருக்கிறார்.

பெல் 1796-இல் ஊர் திரும்பினார். 1797-இல் தம் சோதனையை லண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். 1798-இல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு தருமப் பள்ளி அதை ஏற்றது. 1801-இல் பெல், டார்செட் கடற்கரையிலுள்ள ஸ்வானேஜ் என்ற சிற்றூரின் திருச்சபைப் போதகரானார். அங்கேயும் இம்முறையை நடத்தினார். 'மெட்ராஸ் முறை' என்பதே அதற்கு வழங்கிய பெயர்.

அக்காலத்து இங்கிலாந்துக் கிராமத்தின் கல்வி எப்படி இருந்தது? எழுத்தறிந்த ஒரு வயதான அம்மாள் தம் வீட்டிலேயே சில பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சில காசு வாங்கிப் படிக்கச் சொல்லித் தருவார். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் உண்டு. 1780-இல் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி முறை பரவியபின், வாரத்தில் ஆறு நாள் வேலை செய்த பிள்ளைகள் ஏழாம் நாள் வேதம் வாசிக்கக் கற்றார்கள். அரசாங்கம் ஒரு காசு கொடுக்கவில்லை. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட, அந்நாட்டுத் திருமணப் பதிவேட்டில் மூன்றில் ஒரு மணமகனும் ஏறத்தாழப் பாதி மணமகள்களும் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டார்கள்.

ஆகவே செலவு குறைந்த மெட்ராஸ் முறைக்கு அங்கே பெரிய வரவேற்பு. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையார் ஏழைகள் கல்விக்காக 'தேசியச் சங்கம்' ஒன்றை அமைத்து, அதன் பள்ளிகளில் பெல் முறையை வைத்தார்கள். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் இதைப்போன்ற முறையை நடத்தினார். யார் முந்தியவர் என்று இரு கட்சியாரும் சண்டையிட்டார்கள். கிராமத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் 'நேஷனல் ஸ்கூல்' என்று கல்வெட்டுப் பதித்த சிறு கட்டடங்கள் இங்கிலாந்து முழுவதும் எழுந்தன. மணல் பரப்பிய மேசையில் ஆங்கிலப் பிள்ளைகள் விரலால் எழுதினார்கள். பெல் 1832-இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயருடன் நடக்கிறது.

அங்கே ஏன் தேய்ந்தது

ஆனால் இம்முறை இங்கிலாந்தில் நிலைக்கவில்லை. 1846 முதல், பதின்மூன்று வயது நிரம்பிய மாணவரை ஐந்தாண்டு பயிற்சி ஆசிரியராக எடுத்து ஊதியம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1870-இல் ஃபார்ஸ்டர் சட்டம், 1880-இல் கட்டாயக் கல்வி, 1891-இல் பெரும்பாலும் இலவசக் கல்வி என்று படிப்படியாக அரசே பொறுப்பேற்றது.

ஏன் தேய்ந்தது என்பதற்கு ஒரு சிறு வகுத்தல் கணக்கு விடை சொல்லும். மன்றோவின் 1,88,650 பேரை 12,498 பள்ளிகளால் வகுத்தால் ஒரு பள்ளிக்குச் சுமார் 15 பேர். கேம்ப்பெலின் பல்லாரியில் 533 பள்ளிகளில் 6,641 பேர். அதாவது ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். சட்டாம்பிள்ளை தவறாகச் சொல்லிக் கொடுத்தால் மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் காதில் விழும். லங்காஸ்டரோ ஓர் ஆசிரியர் ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்றார். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களை வரிசையில் நிறுத்தி, சிறுவனின் கையில் முழுப்பொறுப்பையும் விட்டால் கிளிப்பாடம்தான் மிஞ்சும். பதினைந்து பேருக்குப் போட்ட பாலத்தில் ஆயிரம் பேரை ஏற்றினால் தாங்குமா? பாலத்தின் குற்றம் அல்ல, பாரத்தின் குற்றம்.

இங்கே ஏன் தேய்ந்தது

நம் திண்ணைப் பள்ளியிலும் குறைகள் இருந்தன, மறைக்கக் கூடாது. முதற்குறை, வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தான். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பகுதியினர் வேளாண்மை, கைத்தொழில் செய்த சாதியார் என்பது அறிக்கைகளால் தெரிகிறது. ஆனால் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இல்லை. இரண்டாவது, பொருள் தெரியாமல் மனப்பாடம். பேச்சுமொழியிலிருந்து விலகிய செய்யுளைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், பொருள் கேட்டால் விழிக்கிறார்கள் என்று கேம்ப்பெலே குறை சொன்னார். மூன்றாவது, ஆசிரியரின் வறுமை. மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று மன்றோ எழுதினார்.

நெசவும் கைத்தொழிலும் நலிந்து குடிகள் ஏழைகளானதால் சம்பளம் கொடுக்க முடியாமல் பள்ளிகள் மூடப்படுகின்றன என்பதையும் கேம்ப்பெல் அறிக்கை தெரிவித்தது. மன்றோ இதற்கு ஒரு திட்டம் வகுத்தார். கலெக்டர் மாவட்டந்தோறும் இரண்டு பள்ளி, தாசில்தோறும் ஒரு பள்ளி; மொத்தம் 40-ம் 300-ம். தாசில் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய், மேற்பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 48,000 ரூபாய்தான் செலவு. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவால் மன்றோ இறந்தார். அவருக்குப்பின் திட்டத்தை ஆதரிப்பார் இல்லை. 1836-இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. பிறகு ஆங்கிலக் கல்விக்கு முதலிடம் போயிற்று.

இந்த இடத்தில் மிஷன் பள்ளிகள் வந்தன. ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்ற கிராமத்தில் 1849-இல் தொடங்கிய லூத்தரன் மிஷன் திருப்பதியில் பள்ளி நடத்தியது. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1896 முதல் அங்கே படித்தார். திருத்தணி அப்போது நம் வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. எல்லைக்கோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை கற்ற எழுத்து அவனோடு வரும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்

தொடக்கத்தில் சொன்ன மூன்று தடைகளுக்கு இப்போது திரும்பலாம். சிறிய கூட்டம், பல வயது, ஒரே ஆசிரியர், பணமின்மை. திண்ணைப் பள்ளி இந்த நிலைக்கென்றே அமைந்த முறை. இரயில்வேயில் பாதை பராமரிப்புக் கும்பலில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு மேஸ்திரியைவிடப் பக்கத்தில் கடப்பாரை பிடித்தவனே அதிகம் கற்றுக் கொடுத்ததை நான் பல ஆண்டு பார்த்திருக்கிறேன். ஆகவே இதை வெறும் பழம்பெருமையாக எழுதவில்லை; செய்யக் கூடியதாகவே எழுதுகிறேன்.

1. ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் இன்னொரு வீட்டுத் திண்ணையில் இன்னொரு வகுப்பு.

2. வயதைப் பார்க்காமல் தேர்ச்சியைப் பார்த்து மூன்று நான்கு பிரிவாக்குங்கள். பத்து வயதுப் பிள்ளை அகரம் தெரியாமல் வந்தால் ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்காருவதில் வெட்கம் இல்லை என்று பெற்றோரே சொல்ல வேண்டும்.

3. ஒரு தட்டில் மணலோ அரிசியோ பரப்பி எழுதச் சொல்லுங்கள். வாய் சொல்ல, கை எழுத வேண்டும். நோட்டுப் புத்தகம் பிறகு.

4. வாசிக்கத் தெரிந்த பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்குங்கள். ஆனால் பெரியவர் ஒருவர் காது கேட்கும் தூரத்தில் இருந்தே தீரவேண்டும். கற்பிக்கும் பிள்ளை மும்மடங்கு கற்கும்.

5. மனப்பாடம் செய்த ஒவ்வொரு வரிக்கும் பொருளை அன்றைக்கே சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெலுங்கு தெரியுமானால் தெலுங்கிலேயே சொல்லிப் புரிய வையுங்கள். தமிழுக்கு அதனால் குறைவு வராது.

6. பெண்பிள்ளை, ஆண்பிள்ளை, இன்ன குலம் என்ற பேச்சே வகுப்பில் நுழையக் கூடாது. அடி வேண்டவே வேண்டாம். முதலில் வருகிற பிள்ளைக்கு மட்டும் உள்ளங்கையில் ஓர் எழுத்து எழுதி வாழ்த்துங்கள்.

7. கற்பிக்கிறவருக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். ஆசிரியரைப் பட்டினி போட்ட பள்ளி நிலைத்ததில்லை என்பதை மன்றோ காலத்திலேயே கண்டோம்.

விஜயதசமி தொடங்கிப் பொங்கலுக்குள் ஒரு பிள்ளை உயிரும் மெய்யும் எழுதக் கற்கும். அடுத்த சித்திரைக்குள் எழுத்துக் கூட்டி வாசிக்கும். விருப்பமுள்ள அன்பர்கள் தங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எவ்வளவு எழுத்து தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுக்க வேண்டுகிறேன். மன்றோவும் முதலில் கணக்கெடுத்துவிட்டுத்தான் தொடங்கினார்.